தெற்கின் தோட்ட மாளிகைகள் – 4: பாகே கட்டிய வீடு

சென்ற அத்தியாயம் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களோடு நின்றது. இந்த அத்தியாயம் தென்மேற்கே, மிசிசிப்பி ஆறு கடலைத் தொடுமுன் வளைந்து வளைந்து ஓடும் லூசியானா மாநிலத்துக்கு வருகிறது.

அமெரிக்கத் தெற்கின் தோட்ட மாளிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளரின் பெயர் தெரியும். எந்தக் குடும்பம் எந்த ஆண்டு வாங்கியது, யார் யாருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். செங்கல் அறுத்தவர், உத்தரம் ஏற்றியவர், சுவர் பூசியவர் யார் என்பது மட்டும் தெரியாது. டெஸ்ட்ரஹான் மாளிகை இதற்கு விதிவிலக்கு. அதைக் கட்டியவரின் பெயர், கட்ட வேண்டிய அளவுகள், அதற்குப் பேசிய கூலி எல்லாம் ஒரு பத்திரத்தில் பதிவாகி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பத்திரமாக இருக்கின்றன. கீழ் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் ஆவணச் சான்றோடு நிற்கும் மிகப் பழைய தோட்ட வீடு என்று இதைச் சொல்வது அந்தப் பத்திரத்தின் பலத்தில்தான்.

ஒப்பந்தம்

1787 ஜனவரி 3. லூசியானா அப்போது ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது. ஆனால் ஆற்றங்கரைத் தோட்டக்காரர்கள் பேசியதும் எழுதியதும் பிரெஞ்சு. நியூ ஆர்லியன்ஸுக்கு மேல்புறம், மிசிசிப்பியின் கிழக்குக் கரையில் அவுரித் தோட்டம் வைத்திருந்தவர் ரோபேர் அன்ட்வான் ரோபின் த லோனி. தோட்டத்துக்குத் தகுந்த வீடு ஒன்று வேண்டும் என்று அவர் தேடிப் பிடித்த ஆள் சார்ல்ஸ் பாகே. தச்சு வேலையும் கொத்து வேலையும் தெரிந்தவர். கலப்பினத்தில் பிறந்தவர், யாருக்கும் அடிமை இல்லை. ‘நிறமுள்ள சுதந்திர மனிதர்’ என்று அந்தக் காலச் சட்டம் வகுத்திருந்த பிரிவைச் சேர்ந்தவர். நியூ ஆர்லியன்ஸிலும் சுற்றுப்புறத்திலும் கைத்தொழில் செய்து வாழ்ந்த இத்தகையோர் கணிசமாக இருந்தார்கள்.

வீட்டின் நீளம் 60 அடி, அகலம் 35 அடி. தரையிலிருந்து 10 அடி உயரச் செங்கல் தூண்களின் மேல் அது நிற்க வேண்டும். சுற்றிலும் 12 அடி அகலத்தில் வராந்தா. நான்கு புகைபோக்கிகள். இதுதான் பேச்சு. வேலைக்கு உதவியாக ஆறு அடிமைகளை த லோனி கொடுப்பார். வேலைக்கான கூலி: ஓர் அடிமை, ஒரு பசுவும் அதன் கன்றும், 50 அளவு நெல், 50 அளவு மக்காச்சோளம், வேலை முடிந்ததும் 100 டாலர் ரொக்கம்.

இந்தக் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு மனிதரும் ஒரு பசுவும் அடுத்தடுத்து ஒரே பட்டியலில் வருகிறார்கள். கூலி வாங்குகிறவர் தாமே ஆப்பிரிக்க வம்சாவளி. அவருக்குக் கொடுக்கப்படுவதும் ஓர் ஆப்பிரிக்கர். அந்த மண்ணில் அடிமைமுறை எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கும் நூல்களைவிட இந்த ஒரு பத்திரம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சுதந்திரம் பெற்றவரும் அந்தப் பொருளாதாரத்துக்கு வெளியே நிற்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் வேலை நடந்தது. 1790-ல் வீடு முடிந்தது. த லோனி அதில் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள். 1792-ல் அவர் இறந்துபோனார். தோட்டம் மருமகன் ழான் நோயல் டெஸ்ட்ரஹான் கைக்கு வந்தது.

சேறும் சைப்ரஸும்

பாகே கட்டியது ‘கிரியோல்’ பாணி வீடு. கரீபியன் தீவுகளின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதாக உருவாகி, லூசியானாவுக்கு வந்து சேர்ந்த முறை இது. அதன் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மிசிசிப்பியில் வெள்ளம் வரும். நிலம் எப்போதும் ஈரமாக இருக்கும். அதனால் கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் மரம். கீழே சாமான் அறைகள். குடும்பம் வாழ்ந்ததெல்லாம் மேலே. ஆற்றுக் காற்று மேல்தளத்தில்தான் நன்றாக வீசும், கொசுவும் அங்கே குறைவு.

உள்ளே நடைக்கூடம் கிடையாது. அறைகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. ஒவ்வோர் அறைக்கும் வராந்தாவில் திறக்கும் கதவு உண்டு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வராந்தாவும் வழி; மாடிப்படியும் வெளியேதான். நாலாபுறமும் சரிந்து இறங்கும் உயர்ந்த கூரை, வராந்தாவையும் சேர்த்து மூடியது. மதிய வெயில் சுவரில் நேராக விழாது. சாய்ந்து அடிக்கும் மழை கதவுவரை எட்டாது.

சுவர்தான் இந்த வீட்டில் நின்று பார்க்க வேண்டிய இடம். சதுப்பில் வளரும் சைப்ரஸ் மரம் எளிதில் உளுக்காது, கறையானையும் தாங்கும். அந்த மரத்தில் கால்களை நட்டு, துளையும் கழுந்துமாகப் பொருத்திச் சட்டம் எழுப்பினார்கள். கால்களுக்கு இடையிலான வெளியை அடைக்க ஆற்றுக் களிமண். வெறும் களிமண் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் அதில் நார் சேர்க்க வேண்டும். அதற்கு உள்ளூரிலேயே பொருள் இருந்தது. ஓக் மரக்கிளைகளில் சாம்பல் நிறத்தில் நீண்டு தொங்கும் ஸ்பானிஷ் மாஸ். அதைப் பறித்து நீரில் ஊறப்போட்டால் மேல்தோல் அழுகிக் கழன்று, உள்ளே இருக்கும் கறுத்த, உறுதியான நார் மிஞ்சும். நாரையும் களிமண்ணையும் ஒன்றாகப் பிசைந்து, கட்டை கட்டையாக உருட்டி, கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்புகளில் மாட்டி, இடைவெளி இல்லாமல் அழுத்தி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். இந்தச் சுவருக்கு ‘பூசியாஜ்’ என்று பெயர். கோடையில் உள்ளே வெம்மை ஏறாமலும் குளிரில் சூடு இறங்காமலும் அது காத்தது. பிற்காலப் புதுப்பிப்பில் வேண்டுமென்றே பழுதுபார்க்காமல் விட்டிருக்கும் ஓர் அறையில், பூச்சு இல்லாத இந்தச் சுவரை இன்றும் பார்க்கலாம்.

சேற்றைப் பிசைந்த கைகள் ஒப்பந்தத்தில் வரும் அந்த ஆறு பேருடையவை. அவர்கள் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை.

புதுச்சேரியை ஆண்ட கம்பெனி

அந்த ஆறு பேரின் முன்னோர்கள் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்ற கேள்விக்கு விடை தேடினால், தமிழகக் கடற்கரையும் கண்ணில் படுகிறது. 1731 வரை லூசியானாவை நடத்தியது பிரெஞ்சு இந்தியக் கம்பெனி; புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனி. 1719-ல் தொடங்கி அந்தக் கம்பெனியின் காலத்தில் லூசியானாவுக்கு வந்த ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 6,000 பேர். பெரும்பான்மையோர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா ஆற்றுப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அந்தக் கரையில் பிரெஞ்சு வணிகர்கள் கொடுத்த சரக்குகளில் ‘கினே’ என்ற நீலத் துணியும் ஒன்று. சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்து, புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய துணி அது.

நெல்லும் அந்த வழியாகத்தான் வந்தது. நெல் பயிரிடத் தெரிந்தவர்களையும் விதைநெல்லையும் ஏற்றிவர வேண்டும் என்று லூசியானா போகும் கப்பல் தலைவர்களுக்குக் கம்பெனி உத்தரவிட்டிருந்தது. சதுப்பு நிலத்தில் நெல் விளைவிக்கும் அறிவு செனகல், காம்பியா விவசாயிகளிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பாகேயின் கூலியில் நெல் இடம்பெற்றதற்குப் பின்னால் இந்த அறிவும் இருக்கிறது. பிற்காலத்தில் ‘லூசியானா சமையல்’ என்று பெயர் வாங்கிய சோற்றுணவுகள் பலவற்றின் வேரும் இங்கேதான்.

அவுரி போய்க் கரும்பு வந்தது

வீடு எழுந்த ஆண்டுகளில் தோட்டத்தில் அவுரி. 1790-களின் தொடக்கத்தில் பூச்சி விழுந்து அவுரி தொடர்ந்து நாசமானது. தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கும் நிலை. அதே சமயத்தில், 1791-ல், உலகிலேயே அதிகச் சர்க்கரை விளைந்த பிரெஞ்சுத் தீவான சான் டொமாங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தப் புரட்சிதான் ஹைத்தி என்ற நாட்டைப் பெற்றுத் தந்தது. தீவின் ஆலைகள் எரிந்தன. உலகச் சந்தையில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

லூசியானாவில் கரும்பு வளரும். ஆனால் குளிர்காலத்தில் உறைபனி விழும்; அதற்குள் வெட்டி ஆட வேண்டும். சாறு பாகாகும், பாகைப் பரல் பரலாக உறைய வைத்து வணிகத்துக்கு ஏற்ற சர்க்கரையாக்குவதுதான் சிக்கல். 1795-ல் எத்தியேன் த போரே என்ற தோட்டக்காரர் அதைச் சாதித்துக் காட்டினார். அவர் மணந்தது டெஸ்ட்ரஹான் குடும்பத்துப் பெண்ணை. ழான் நோயலுக்கு மைத்துனர் உறவு. ஆற்றங்கரை முழுவதும் கரும்புக்கு மாறியது. டெஸ்ட்ரஹான் தோட்டத்தில் 1804-ல் இருந்த 59 அடிமைகள் 2,03,000 பவுண்டுக்கு மேல் சர்க்கரை எடுத்தார்கள். ஏறத்தாழ 92 டன்.

ஆலை ஓடும் காலம் அக்டோபரில் தொடங்கும். வெட்டிய கரும்பைக் காத்துக்கிடக்க விட முடியாது. ஆலையில் இரவும் பகலும் முறை வைத்து வேலை. பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகப் பதித்த இரும்புக் கொப்பரைகளின் கீழ் தீ எரியும். கொதிக்கும் சாற்றை நீண்ட பிடியுள்ள அகப்பையால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசிக் கொப்பரையில் பதம் ஒரு நொடி தப்பினாலும் பாகு வீண். தூக்கமில்லாதவர்களின் கை சாற்றில் விழுந்தது. கரும்பு பிழியும் உருளைகளில் கை சிக்கியது. கரும்பு மாவட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அந்த இடைவெளியை நிரப்பத் தோட்டக்காரர்கள் மேலும் மேலும் அடிமைகளை வாங்கினார்கள்.

1803-ல் லூசியானாவை, அதற்குள் ஸ்பெயினிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றிருந்த பிரான்சிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. மறு ஆண்டே வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. அதை எதிர்த்து முறையிட வாஷிங்டன் சென்ற மூவரில் ழான் நோயல் டெஸ்ட்ரஹானும் ஒருவர். லூசியானா மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமை வேண்டும் என்று அந்த மனு கேட்டது. அடிமைகளை இறக்குமதி செய்யும் உரிமையையும் அதே மனு கேட்டது.

1811 ஜனவரி

தோட்டத்தில் வசதி பெருகியது. ழான் நோயலுக்கும் மனைவி செலஸ்டுக்கும் 14 பிள்ளைகள். 1810-க்கும் 1812-க்கும் இடையில் வீட்டின் இருபுறமும் தனித்தனிக் கட்டடங்களாக இரண்டு சிறகுகள் சேர்க்கப்பட்டன. அந்தச் சிறகுகள் எழுந்த காலத்தில்தான் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி இந்த வீட்டின் முன்னால் கடந்து போனது.

1811 ஜனவரி 8 இரவு, ஆற்றின் மேல்புறத்தில் மனுவேல் ஆண்ட்ரியின் தோட்டத்தில் அது வெடித்தது. தலைவர் சார்ல்ஸ் டெலோண்ட். அடிமைகளை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தவர், அவரும் அடிமையே. கரும்பு வெட்டும் கத்திகள், கோடரிகள், சில துப்பாக்கிகளோடு ஆற்றங்கரைச் சாலையில் நியூ ஆர்லியன்ஸை நோக்கி அணிவகுத்தார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்கள் சேர்ந்தார்கள். கூடியவர்கள் 200-லிருந்து 500 வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஜனவரி 10-ல் தோட்டக்காரர்களின் படை அவர்களை வளைத்தது. குண்டுகள் தீர்ந்தவர்கள் சுடப்பட்டார்கள். பிடிபட்ட டெலோண்டை விசாரணையில்லாமல் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

ஜனவரி 13-ல் தோட்டக்காரர்களைக் கொண்ட தீர்ப்பாயம் டெஸ்ட்ரஹான் தோட்டத்தில் கூடியது. தீர்ப்புச் சொன்னவர்களில் வீட்டுக்காரரான ழான் நோயலும் ஒருவர். மூன்றே நாளில் முடிந்த விசாரணையில் 18 பேருக்கு மரண தண்டனை. அவரவர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டு, தலையைக் கொய்து கம்பங்களில் செருகி ஆற்றங்கரை நெடுக நட்டார்கள். கொல்லப்பட்ட ஒவ்வோர் அடிமைக்கும் 300 டாலர் வீதம் அரசு இழப்பீடு கொடுத்தது. உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. பணம் போனது உரிமையாளர்களுக்கு.

மறு ஆண்டு லூசியானா மாநிலமாயிற்று. ழான் நோயல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியேற்காமலே விலகினார்.

தூண்கள் பருத்தன

1823-ல் ழான் நோயல் இறந்தபின் தோட்டம் மருமகன் ஸ்டீபன் ஹெண்டர்சனிடம் வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து செல்வம் சேர்த்தவர் அவர். 1838-ல் இறக்கும்போது, தன் அடிமைகள் விடுதலை பெற வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். விரும்புவோர் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குச் செல்ல வழி செய்யவும் அதில் சொல்லியிருந்தார். வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். உயிலில் வாக்களித்த விடுதலை அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தவர் ழான் நோயலின் இன்னொரு மருமகன், நீதிபதி பியேர் அடோல்ஃப் ரோஸ்ட். அவர் காலத்தில், 1840-ஐ ஒட்டி, வீடு புதுத் தோற்றம் கொண்டது. கிரேக்கக் கோவில்களைப் பின்பற்றிக் கட்டும் மோகம் அப்போது அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்தது. பாகே வைத்த மெல்லிய மரத்தூண்கள் இருந்த இடத்தில், தரையிலிருந்து கூரைவரை செல்லும் கனத்த தூண்கள் வந்தன. கல் தூண்கள் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே செங்கல், மேலே பூச்சு. பின்பக்க வராந்தாவை அடைத்து வரவேற்பு அறையாக்கினார்கள். உள்ளே வளைந்தேறும் படிக்கட்டு அமைத்தார்கள். கரீபியன் தீவுகளின் வீடாகப் பிறந்தது அமெரிக்கத் தெற்கின் ‘மாளிகை’ ஆனது இப்படித்தான். உச்சியில் கூரை மட்டும் பாகே வைத்த வடிவத்திலேயே நின்றது. தெரிந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

விடுதலை பெற்றவர்களின் தோட்டம்

உள்நாட்டுப் போர் வந்தது. ரோஸ்ட், தெற்கு மாநிலங்களின் தூதராக ஐரோப்பா சென்றார். 1862-ல் நியூ ஆர்லியன்ஸ் வடக்குப் படையிடம் விழுந்தது. ரோஸ்டின் தோட்டம் பறிமுதலாயிற்று. 1865-ல் அங்கே அமைந்தது ‘ரோஸ்ட் ஹோம் காலனி’. விடுதலை பெற்ற மக்களுக்காக அரசு நடத்திய குடியிருப்பு. முதியோரும் நோயாளிகளும் அநாதைகளும் தங்க இடம், ஒரு மருத்துவமனை, உழைக்க முடிந்தவர்களுக்குக் கூலி வேலை. ஏறத்தாழ 700 பேர் இங்கே வாழ்ந்தார்கள். லூசியானாவில் நடந்த இத்தகைய குடியிருப்புகளில் நன்றாக நடந்தது இது.

நீடிக்க விடவில்லை. நாடு திரும்பிய ரோஸ்ட், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் மன்னிப்பைப் பெற்றுத் தோட்டத்தைத் திரும்பக் கேட்டார். 1866 இறுதியில் குடியிருப்பு கலைக்கப்பட்டது. அதே மண்ணில் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு அந்த நிலத்தில் ஓர் ஏக்கர்கூட உரிமையாகவில்லை.

புதையல் வேட்டை

ரோஸ்ட் குடும்பம் 1910-ல் தோட்டத்தை விற்றது. 1914-ல் மெக்சிகன் பெட்ரோலியம் கம்பெனி வாங்கி, கரும்பு வயலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுப்பியது. வீடு கம்பெனியின் பயன்பாட்டுக்குப் போனது. 1950-களின் இறுதியில் ஆலை மூடப்பட, வீடும் ஆளில்லாமல் கிடந்தது. கடற்கொள்ளையன் ழான் லஃபீத் இந்த வீட்டுச் சுவரில் புதையல் ஒளித்து வைத்தான் என்றொரு கதை ஊரில் உலவியது. அதை நம்பியவர்கள் சுவரைக் குடைந்தார்கள்; கணப்படுப்புகளின் சலவைக்கல் முகப்பைப் பெயர்த்தார்கள்; சைப்ரஸ் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பாகேயும் ஆறு பேரும் அடைத்த சேற்றுச் சுவரில் தங்கம் எதுவும் அகப்படவில்லை.

1971-ல் வீட்டையும் சுற்றியுள்ள சிறு நிலத்தையும் எண்ணெய் நிறுவனம் ரிவர் ரோடு வரலாற்றுக் கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 1973-ல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் வீடு இடம்பெற்றது. கழகம் பழுதுபார்த்து அருங்காட்சியகமாகத் திறந்தது. அடிமைமுறையைச் சித்திரிக்கும் ‘ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன.

பல காலம் இத்தகைய வீடுகளுக்கு வந்தவர்கள் கேட்டது மேசை நாற்காலிகளின் கதையும் விருந்துகளின் கதையும்தான். டெஸ்ட்ரஹானில் இன்று 1811 கிளர்ச்சிக்குத் தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது. 2019 நவம்பரில் ட்ரெட் ஸ்காட் என்ற கலைஞரின் ஏற்பாட்டில் நூற்றுக்கணக்கானோர் பழைய உடையணிந்து, டெலோண்டின் படை புறப்பட்ட பகுதியிலிருந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி இரண்டு நாள் அணிவகுத்தார்கள். 1811-ல் நகரத்தை எட்ட முடியாமல் போன படை இம்முறை நகருக்குள் நுழைந்தது. அவர்கள் நடந்த ஆற்றங்கரையில் பழைய கரும்பு வயல்களின் இடத்தை இன்று பெரும்பாலும் வேதித் தொழிற்சாலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் பிடித்திருக்கின்றன. அவற்றின் புகையைச் சுவாசிப்பவர்களில் பலர் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். தங்கள் மூதாதையரின் கல்லறைகள் ஆலை விரிவாக்கத்தில் அழியாமல் காக்க அவர்கள் இன்றும் போராடுகிறார்கள்.

*அடுத்த இதழில்: இதே ஆற்றின் மறுகரையில் 28 ஓக் மரங்களும் 28 தூண்களும் கொண்ட ஓக் ஆலி மாளிகை. அதன் தோட்டத்தில் பீக்கன் மரத்தை ஒட்டுக்கட்டி, ஒரு வகையை உருவாக்கிய அன்ட்வான் என்ற அடிமைத் தோட்டக்காரர்.*